மெக்ரிட்சி காட்டில் ஒரு கல் தொட்டி

ஜப்பான்காரன் காலத்தைப் பாடமாக நடத்தும்போது உணவுப் பஞ்சம், வாழைமரம் போட்ட நோட்டு, சயாம் ரயில் என்பவற்றோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். அந்த ஆட்சி வழிபாட்டையும் கட்டளையாக்கியது என்பதை மாணவர்கள் கேள்விப்படுவதே இல்லை.

1942 ஜனவரி முதல் வாரத்தில் நம் கோலசிலாங்கூர்ப் பகுதியில் சண்டை நடந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்து 'சியோனான்' ஆனது. சில மாதங்களிலேயே அங்குள்ள மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் ஒரு ஷிண்டோ ஆலயம் எழும்பத் தொடங்கியது. பெயர் சியோனான் ஜின்ஜா. வேலை செய்தவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். சிங்கப்பூர்க் கைதிகளில் பல்லாயிரம் பேர் பிறகு சயாமுக்கு அனுப்பப்பட்டார்கள். நம் தோட்டத்துத் தமிழர்கள் மாண்டதும் அதே ரயில் பாதையில்தான்.

இதை மாணவர்கள் 'புத்த கோயில்' என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. ஷிண்டோ, ஜப்பானின் சொந்த வழிபாடு. மலை, மரம், அருவி, முன்னோர் எல்லாவற்றிலும் உறையும் சக்தியை 'காமி' என்பார்கள். மரத்தடி முனீஸ்வரரைக் கும்பிட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். 'தோரி' என்ற வாசலில் தலைவணங்கி, தொட்டி நீரில் கையும் வாயும் கழுவி, சன்னிதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். (தோரியும் நம் தோரணமும் ஒன்றே என்று சிலர் சொல்வதுண்டு. தேர்வில் முடிந்த முடிவாக எழுத வேண்டாம்.)

வழிபாட்டில் குற்றமில்லை. அதை அரசு கையில் எடுத்ததுதான் வினை. சூரியதேவி அமதெராசுவின் வழிவந்தவர் பேரரசர் என்பது அரசாங்கத்தின் கொள்கை. ஆகவே ஆலயத்தில் குனிவது பேரரசருக்குப் பணிவதாகவும் ஆயிற்று. மலாயாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தோக்கியோ திசை நோக்கிக் குனிந்தார்கள். 1942-ஐ ஜப்பானிய ஆண்டாக 2602 என்று எழுதினார்கள். சியோனான் ஜின்ஜா விழாக்களுக்கு உள்ளூர்ச் சமூகத் தலைவர்களும் போக வேண்டியிருந்தது. பக்தியோ இல்லையோ, வரச் சொன்னால் வர வேண்டும். அவ்வளவுதான்.

1945-இல் தோல்வி வந்ததும், எதிரி கைபட்டுத் தீட்டாகிவிடக் கூடாதென்று ஜப்பானியரே ஆலயத்தை அழித்துவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 15-இல் நேசநாடுகளின் ஆணை, ஜப்பானில் ஷிண்டோவை அரசிடமிருந்து பிரித்தது.

சிங்கப்பூர் அரசு 2002-இல் அவ்விடத்தை வரலாற்றுத் தலமாக அறிவித்தது. காட்டுக்குள் இன்று எஞ்சியிருப்பது சில படிகளும், வந்தவர்கள் கைகழுவிய அந்தக் கருங்கல் தொட்டியும்தான்.