சாண எரிவாயுவும் கம்பம் பள்ளத்தாக்கும்

மலைமாட்டு மந்தையைக் காணாதவர் கம்பம் பள்ளத்தாக்கில் அரியர். 1895இல் பேரியாற்று அணை நிறைவெய்தி, நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியபின் இங்கு நன்செய் பெருகிற்று. எருவின் அருமையும் உடன் பெருகிற்று. அந்தச் சாணத்தை வறட்டியாக்கி அடுப்பில் இட்டுவிட்டால் வயலுக்கு என்ன மிஞ்சும்?

இவ்வினாவுக்கு விடை தேடி, 1930களின் இறுதியில் டில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தை நொதிக்கவைத்து எரிவாயு பிரித்தார். 1950களில் ஜஷ்பாய் படேல் ‘கிராமலட்சுமி’ என்னும் கலனை அமைத்தார். அடுத்த பதிற்றாண்டின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதனை ஏற்றுப் பரப்பிற்று. தரைக்குள் ஒரு செங்கல் கிணறு. அதில் சாணமும் நீரும் சம அளவிற் கலந்த கரைசல். மேலே கவிழ்த்து மிதக்கும் இரும்புத் தொட்டி. வாயு அடுப்புக்கு, எஞ்சிய கரைசல் வயலுக்கு.

இக்கலனுக்குத் தனியே வெப்பமூட்டுவார் இல்லை. ஊரின் வெப்பமே அதன் வெப்பம். நுண்ணுயிர்கள் 35 பாகை அளவிலே ஊக்கத்துடன் தொழில்புரியும். 10 பாகைக்குக் கீழே ஏறத்தாழ உறங்கிவிடும். ஆகவேதான் சாணம் கலனில் தங்கவேண்டிய காலத்தைத் தமிழகத்துக்கு 30 நாளென்றும், வடக்கே குளிர்ந்த மலைநாடுகளுக்கு 55 நாளென்றும் வகுத்தனர். கணக்கிட்டுப் பாருங்கள்: நாளுக்கு 50 கிலோ சாணமும் 50 லிட்டர் நீரும் இட்டால், நமக்கு 3,000 லிட்டர்க் கிணறு போதும், அங்கே 5,500 லிட்டர் வேண்டும். வெயில் நமக்கு அளித்த கொடை இது!

எனினும் மார்கழி இரவில் நம் கலனும் சோர்வதுண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1970களில் வழக்கிலிருந்த கலன்களை அளந்து ஆராய்ந்து, வெப்பம் பெரிதும் இரும்பு மூடியின் வழியே தப்புவதைக் கண்டனர். அம்மூடியின்மீதே நீர் தேக்கி, ஞாயிற்றின் வெம்மையை ஏற்கச் செய்தனர். 1984இல் வந்த ‘தீனபந்து’ அமைப்போ இரும்பையே நீக்கி, மண்ணுக்குள் செங்கற் குவிமாடமாய் அடங்கிவிட்டது.

ஆனால் கம்பத்தில் தடை வேறிடத்தில் உள்ளது என்பது என் கருத்து. 50 கிலோ சாணத்துக்கு ஐந்து மாடுகளாவது கட்டுத்தறியில் நிற்கவேண்டும். மலைமாடோ மலையில் மேய்கிறது. அதன் சாணம் காட்டிலும் கிடையிலும் விழுகிறது. கட்டுத்தறி உடையவனுக்கே கலன் பயன்படும். முன்பு தெருவிற் கிடந்த சாணத்தைப் பொறுக்கி வறட்டி தட்டி அடுப்பெரித்த ஏழைப் பெண்ணுக்கோ, சாணம் கலனுக்குரிய பொருளானபின், அதுவும் எட்டாப் பொருளாகிவிடுகிறது.