ஹஃப்சித் அரச மரபு

துனிசைத் தலைநகராகக் கொண்டு 1229 முதல் 1574 வரை வட ஆப்பிரிக்காவை ஆண்ட பெர்பர் குலம். இன்றைய துனீசியா, கிழக்கு அல்ஜீரியா, மேற்கு லிபியா ஆகியவை இதன் ஆட்சிப் பரப்பு. அல்மொஹாத் பேரரசின் ஆளுநராக இருந்த அபூ சகரிய்யா யஹ்யா, பேரரசின் தலைநகரான மராகேஷின் பிடி தளர்ந்ததும் தனியரசு கண்டார். அவருடைய பாட்டனார் அபூ ஹஃப்ஸ் உமரின் பெயரே மரபுக்கும் அமைந்தது.

அபூ சகரிய்யாவின் மகன் அல் முஸ்தன்சிர் 1253இல் கலீஃபா பட்டம் சூடினார். 1270இல் சிலுவைப்படையுடன் வந்திறங்கிய பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி, கார்த்தேஜ் அருகே பாசறையிலேயே நோயுற்று மாண்டார். பிறகு உடன்படிக்கை ஏற்பட்டுப் படை திரும்பியது.

ஸ்பெயினிலிருந்து வெளியேறிய முஸ்லிம் அறிஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் அடைக்கலம் தந்ததே இம்மரபின் தலையாய பெருமை. செவில்லிலிருந்து வந்த அப்படியொரு குடும்பத்தில்தான் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1332இல் துனிசில் பிறந்தார். அரசுகள் எழுவதையும் வீழ்வதையும் குலப்பிணைப்பைக் கொண்டு விளக்கும் நூலை எழுதிய அவர், அதன் பிரதியை ஹஃப்சித் சுல்தான் அபுல் அப்பாசுக்கே அளித்தார்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கும் உதுமானியருக்கும் இடையே மரபு நசுங்கியது. உதுமானியரிடம் இழந்த அரியணை 1535இல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸின் படைபலத்தால் மீண்டாலும் தன்னுரிமை மீளவில்லை. 1574இல் உதுமானியர் துனிசைக் கைப்பற்றினர். துனீசியா அவர்களின் மாகாணமாயிற்று.