கணக்கில் குறைந்த வெப்பம்

கடலுக்கு அடியில் கிடக்கும் சேற்றின் சூட்டை அளந்து என்ன ஆகப்போகிறது என்று யாருக்கும் தோன்றும். 1950-ல் ரோஜர் ரெவெல் தலைமையில் பசிபிக் கடலுக்குப் போன அமெரிக்கக் கப்பல் ஒன்றில் அந்த வேலையும் நடந்தது. பிரிட்டிஷ் விஞ்ஞானி எட்வர்ட் புல்லார்டும் ஆர்தர் மாக்ஸ்வெல்லும் அதற்கென்று ஒரு கருவி செய்திருந்தார்கள். ஈட்டி போன்ற நீண்ட இரும்புக் குழாய். உள்ளே மேலும் கீழும் வெப்பமானிகள். கம்பியில் கட்டி இறக்கினால் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். குத்தும்போது உராய்வினால் சேறே கொஞ்சம் சூடாகிவிடும். அதனால் அரை மணி நேரம் போல ஆடாமல் அசையாமல் விட்டுவைக்க வேண்டும். மேலே கப்பல் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்!

எங்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித்தந்த முசே, பூமிக்குள் 33 மீட்டர் இறங்கினால் ஒரு டிகிரி சூடு ஏறும் என்று மனப்பாடம் செய்ய வைத்தார். 'தெக்ரே ழெயோதெர்மிக்' என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், சில மீட்டர் நீளக் குழாயின் இரண்டு முனைக்கும் வித்தியாசம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அந்தத் துளி வித்தியாசத்திலிருந்துதான் பூமி எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்று கணக்கிட்டார்கள்.

1960-களில் இன்னொரு விஷயம் உறுதிப்பட்டது. கடல் நடுவே ஓடும் மலைத்தொடர்களில் உருகிய பாறை மேலே வந்து ஆறி, புதிய கடல்தரையாகி, இரண்டு பக்கமும் விலகிப் போகிறது. அப்படியானால் மலைத்தொடரை ஒட்டி வெப்பம் ஏராளமாக வெளிவர வேண்டும். குழாயைக் குத்திப் பார்த்தார்கள். சில இடத்தில் அதிகம், பக்கத்திலேயே மிகக் குறைவு. மொத்தத்தில் வர வேண்டிய அளவு வரவில்லை. கணக்கு டாலி ஆகவில்லை.

அரசாங்க அலுவலகத்தில் பல வருஷம் பேரேடு எழுதியவன் என்பதால் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். தொகை குறைந்தால் உடனே திருட்டு என்று பேசுவார்கள். பெரும்பாலும் பணம் எங்கும் போயிருக்காது. வேறு தலைப்பில் வரவு வைத்திருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். சேற்றில் குத்திய குழாய், சேறு வழியாகக் கடத்தப்படும் வெப்பத்தை மட்டுமே காட்டும். புதிய பாறையில் வெடிப்புகள் ஏராளம். குளிர்ந்த கடல்நீர் அவற்றில் இறங்கிப் பாறையின் சூட்டை வாரிக்கொண்டு வேறொரு இடத்தில் ஊற்றாக வெளியேறினால், அது குழாய்க்கு எப்படித் தெரியும்? கிளைவ் லிஸ்டர் 1972-ல் எழுதிய கட்டுரை இந்த வரவு செலவைப் பற்றியதுதான். காலபாகஸ் தீவுகளுக்கு அருகே எடுத்த அளவுகளும் அதையே சொல்லின.

ஆனால் ஊற்றை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. 1977 பிப்ரவரியில் அதே காலபாகஸ் பகுதியில், 'ஆங்கஸ்' என்ற காமிராச் சட்டத்தைக் கடல்தரைக்குச் சற்று மேலே இழுத்துச் சென்றார்கள். அதிலிருந்த வெப்பமானி ஓரிடத்தில் மூன்று நிமிஷத்துக்கும் குறைவாக ஒரு சிறு ஏற்றத்தைக் காட்டியது. எடுத்த 3000 படங்களில் அந்த நேரத்துக்குரிய 13 படங்களில் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல்கள்! ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் 2500 மீட்டர் இறங்கிப் பார்த்தால், 2 டிகிரிக் குளிர்நீருக்கு நடுவே வெதுவெதுப்பான ஊற்று. அதைச் சுற்றிச் சூரிய வெளிச்சமே தேவைப்படாத உயிர்க்கூட்டம். தேடிப்போனது வெப்பத்தைத்தானே, குழுவில் உயிரியல் அறிஞர் ஒருவர்கூட இல்லை. பிடித்த பிராணிகளைக் கெடாமல் வைக்கக் கையிருப்பு மருந்து போதாமல், பனாமாவில் வாங்கிய வோட்காவில் ஊறப்போட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. 1978-ல் அவர்களுடைய 'சியானா' நீர்மூழ்கி மெக்சிகோவுக்கு மேற்கே கடலடியில் உலோகக் கந்தகப் படிவ மேடுகளைக் கண்டது. கொதிநீர் விட்டுப்போன தடயம் அது. மறு வருஷம் ஆல்வின் அதே பகுதியில் கரும்புகை போல நீரைக் கக்கும் கல்குழாய்களைக் கண்டது. நீட்டிய வெப்பமானியின் பிளாஸ்டிக் தண்டு உருகிவிட்டது. சரியான கருவியுடன் அளந்தபோது 350 டிகிரிக்கு மேல்! மேலே இருக்கும் நீரின் அழுத்தத்தால்தான் அது கொதித்து ஆவியாகவில்லை. ஆல்வினின் ஜன்னல்களும் ஒருவகை பிளாஸ்டிக்தான். உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பிற்பாடு கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மாஸ் பள்ளத்தில் சேறும் ஊற்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. அங்கே சில இடங்களில் அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சேறு 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. இப்போது நீர்மூழ்கியின் இயந்திரக் கை வெப்பமானிக் குச்சியைச் சேற்றில் செருகி, ஒவ்வொரு ஆழத்திலும் சூட்டைக் குறித்துக்கொள்கிறது. எந்தச் சூடுவரை உயிர் தாங்கும் என்பதற்கு அந்த எண்கள் வேண்டும். 110 டிகிரியிலும் வளரும் நுண்ணுயிரை 1989-ல் அறிவித்த ஜெர்மன் ஆய்வாளர்கள், அதை இந்தப் பள்ளத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

கடல்தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நீர்தான் சுமந்து வருகிறது என்று இப்போது கணக்கிடுகிறார்கள். குறைந்த தொகையைக் கருவிக் கோளாறு என்று எழுதிப் பேரேட்டை மூடியிருந்தால், அந்தக் கிளிஞ்சல்களைத் தேடி யாரும் அங்கே போயிருக்க மாட்டார்கள்.