தேதி குறிக்காத வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சன் இரண்டையும் ஒருசேரப் பார்த்தார்.

1768-ல் வர்ஜீனியாவில் ஒரு குன்றின் உச்சியைச் சமன்படுத்தி 'மாண்டிசெல்லோ' வீட்டைத் தொடங்கினார். 1772-ல் புது மனைவி மார்த்தாவைப் பனியில் அழைத்து வந்தபோது, குடியிருக்க ஒரே அறைதான் தயார். 1782-ல் மார்த்தா காலமானார். அப்போதும் வேலை முடியவில்லை. பின்னர் பாரிஸ் மாளிகைகளைப் பார்த்துத் திரும்பியவர், 1796-ல் கட்டியதையே இடித்து விரிக்கலானார்! படம் போட்டவர் அவர். பாடுபட்டவர்களில் பலர் அடிமைகள்.

1809-ல் ஒருவாறு வேலை முடிந்தது. 1826-ல் பெருங்கடனோடு கண்ணை மூடினார். மறு வருஷமே அவருடைய அடிமைகளை ஏலம் போட்டார்கள். 1831-ல் வீடும் விலைபோயிற்று.

அன்றாடச் செலவைத் தவறாமல் எழுதியவர்தான். 'இத்துடன் போதும்' என்று ஒரு தேதியைத்தான் அவர் குறிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.