கட்டைகளுக்குப் பங்கிட்ட நாதம்

வெளி மாநிலங்களில் நம்மவர் கூடும் விழாக்களில் இன்று வயலினும் இல்லாமல், வீணையும் இல்லாமல், அவற்றின் நாதம் மட்டும் எழக் கேட்கிறோம். ஆர்மோனியம் போன்ற கட்டைகள் கொண்ட ஒரு மின்கருவி அதனைச் செய்கிறது. பதிவு செய்த நாதத்தைக் கட்டைகளுக்குப் பங்கிடும் இவ்வித்தை எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சற்றே நோக்குவோம்.

1963ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மெல்லோட்ரான் என்னும் கருவி தோன்றியது. அமெரிக்கரான ஹாரி சேம்பர்லின் முன்னரே அமைத்திருந்த கருவியே அதற்கு முன்னோடி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஒலிநாடா உண்டு. கட்டையை அழுத்தினால் அதற்குரிய ஸ்வரம் சுமார் 8 நொடி ஒலிக்கும். பங்கீடு நேர்மையானது, ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியே வாசித்துப் பதிய வேண்டியிருந்தது.

1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகிய இருவரும் ஃபேர்லைட் என்னும் கணினிக் கருவியை வெளியிட்டனர். அந்நாளில் கணினியின் நினைவகம் விலை மிக்கது. மிகச் சிறிது நேர ஒலியே அதில் அடங்கும். எனவே ஒரே ஸ்வரத்தைப் பதிந்து, அதன் வேகத்தை மாற்றி, எல்லாக் கட்டைகளுக்கும் பயன்படுத்தினர். ஒரு ஸ்வரஸ்தானம் உயர வேண்டுமாயின் வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூட வேண்டும். ஒரு ஸ்தாயி உயர இரு மடங்காக வேண்டும். அப்போது 4 நொடி ஒலி 2 நொடியாகக் குறுகும். அதுமட்டுமன்று. வீணையின் பலாமரக் குடத்திற்கென ஓர் அதிர்வு உண்டு; எந்த ஸ்வரத்தை மீட்டினாலும் அது மாறுவதில்லை. வேகத்தைக் கூட்டினாலோ குடமே சுருங்கிவிட்டது போல் தொனிக்கும். மனிதக் குரல் பொம்மைக் குரலாகும்.

நினைவகம் மலிந்தபின் இக்குறை குறைந்தது. பல ஸ்வரங்களைப் பதிந்து, ஒவ்வொன்றையும் அண்டையிலுள்ள சில கட்டைகளுக்கு மட்டும் உரியதாக்கினர். மென்மையாக வாசித்த ஒலியையும் அழுத்தி வாசித்த ஒலியையும் தனித்தனியே சேர்த்தனர். நாதம் இயற்கையை நெருங்கியது.

ஆயினும் நம் இசைக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971க்குப் பின்னரே அத்தடை தளரலாயிற்று. கட்டைகளுக்கு இடையே இழையும் கமகம் அதில் எழாது என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. புதிய கருவியில் சுருதியை வளைக்கச் சக்கரம் உண்டெனினும், கேள்வி முற்றும் தீரவில்லை. தோடியின் காந்தாரம் அசையும் வகை, முன்னும் பின்னும் வரும் ஸ்வரங்களைப் பொறுத்தது. தனி ஸ்வரங்களாக நறுக்கிய பதிவில் அந்த வழி அடங்குவதில்லை.

ஆகவே, தொலைவிலுள்ள நகரங்களில் வளரும் நம் குழந்தைகள் இக்கருவியைத் துணையாகக் கொள்ளட்டும். ஸ்வரங்களின் இடத்தை அது காட்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வழியை ஆசிரியரின் வாய்ப்பாட்டிலிருந்தே அவர்கள் கற்க வேண்டும்.