மாதவிலக்கும் மனநிலையும்: ஹார்மோன் மீது விழுந்த பழி

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் சில பெண்களுக்கு எரிச்சலும் அழுகையும் ஏன் வருகின்றன? 1931-ல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் பிராங்க், பெண் ஹார்மோன் மிகுதியே காரணம் என்றார். கடுமையாகத் தவித்தவர்களின் சினைப்பையில் எக்ஸ்ரே கதிரையே பாய்ச்சினார்! 1950-களிலிருந்து லண்டன் மருத்துவர் கேத்தரினா டால்டனோ, புரோஜெஸ்டிரோன் குறைவுதான் காரணம் என்று வாதாடினார்.

1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. மருந்தால் ஹார்மோனை அடக்கியபோது பலருக்குத் தவிப்பு தணிந்தது. திரும்பக் கொடுத்ததும் மீண்டும் வந்தது. அந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கோ அதே ஹார்மோனால் ஒன்றும் ஆகவில்லை. இயல்பான ஏற்ற இறக்கத்தைத்தான் சிலரின் மூளை வேறு விதமாக எதிர்கொள்கிறது.

2013-ல் இதன் தீவிர வடிவம் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. அதுவரை 'திமிர்' என்று ஏச்சு வாங்கியவர்கள் எத்தனை பேரோ!