நிபந்தனைத் தொகுப்பின் வழி இயங்குதளம் அறிதல்

நிபந்தனைத் தொகுப்பு என்பது, ஒரு மூலநிரலின் பகுதிகளுள் எவற்றை ஏற்பது, எவற்றை நீக்குவது என்பதை நிரல் தொகுக்கப்படும் வேளையிலேயே முடிவுசெய்யும் முறையாகும். கோப்பு, பிணையம், இழை போன்றவற்றைக் கையாளும் செயற்கூறுகள் விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் ஆகியவற்றில் வேறுபடுவதால், பல இயங்குதளங்களுக்கும் பொதுவான நிரலை சி, சி++ மொழிகளில் எழுதுவோர் இம்முறையைப் பெரிதும் சார்ந்துள்ளனர்.

செயற்பாடு

இப்பணியைச் செய்வது, தொகுப்பி இலக்கணத்தை ஆராயும் முன்னர் மூலநிரலைப் பக்குவப்படுத்தும் முன்செயலி ஆகும். #இஃப், #எலிஃப், #எல்ஸ், #எண்டிஃப் ஆகிய கட்டளைகளால் பிரிக்கப்பட்ட வரிகளுள், நிபந்தனை நிறைவேறும் பகுதியை மட்டும் அது தொகுப்பிக்கு அனுப்புகிறது. நிபந்தனையில் சோதிக்கப்படுபவை, தொகுப்பி தானாகவே வரையறுத்துவைக்கும் மேக்ரோ எனப்படும் பெயர்கள். இவை நிரல் இயங்கப்போகும் இலக்குத் தளத்தைக் குறிக்குமேயன்றித் தொகுப்பு நடைபெறும் கணினியைக் குறிப்பதில்லை. ஆகவே லினக்ஸ் கணினியில் விண்டோஸுக்காகத் தொகுக்கும்போது வரையறுக்கப்படுவது விண்டோஸ் மேக்ரோவே.

அடையாள மேக்ரோக்கள்

விண்டோஸைக் குறிக்கும் _வின்32, பெயரில் 32 இருப்பினும், 64 பிட் தொகுப்பிலும் வரையறுக்கப்படுகிறது. 64 பிட்டை மட்டும் பிரித்தறிய _வின்64 பயன்படுகிறது. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கருவின்மீது அமைந்ததாதலால், அதற்கான தொகுப்பில் __ஆண்ட்ராய்டு__, __லினக்ஸ்__ என்னும் இரண்டும் வரையறுக்கப்படுகின்றன. எனவே ஆண்ட்ராய்டுக்கான சோதனை லினக்ஸுக்கு முன்னதாக இடம்பெற வேண்டும். __ஆப்பிள்__ என்பது மேக்ஓஎஸ், ஐஓஎஸ் இரண்டுக்கும் பொதுவானது. அவற்றைப் பிரித்தறிய ஆப்பிள் வழங்கும் டார்கெட்கண்டிஷனல்ஸ் என்னும் தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரம்புகள்

#இஃப் நிபந்தனையில் வரும் வரையறுக்கப்படாத பெயர் 0 எனக் கொள்ளப்படுவதால், மேக்ரோவின் பெயரில் நேரும் எழுத்துப்பிழை பெரும்பாலும் எச்சரிக்கையின்றி ஒரு பகுதியையே விலக்கிவிடும். இறுதியில் #எல்ஸ் கிளையில் #எரர் கட்டளையை வைத்தால், எந்தத் தளமும் அடையாளம் காணப்படாதபோது தொகுப்பு பிழைச்செய்தியுடன் நின்றுவிடும். நிரலை இயக்குபவரின் கணினியிலுள்ள விண்டோஸ் பதிப்பு எது என்பதை இம்மேக்ரோக்களால் அறிய இயலாது. அதை இயங்கும் வேளையில்தான் சோதிக்க வேண்டும்.

இத்தகைய நிபந்தனைகள் நிரலெங்கும் பரவினால் அதைப் படிப்பதும் பிழைநீக்குவதும் கடினமாகும் என்று ஹென்றி ஸ்பென்சர், ஜெஃப் காலியர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். ஆதலால் தளச் சோதனையை ஒரே தலைப்புக் கோப்பில் அடக்கி, ஒவ்வொரு தளத்துக்குமான செயற்கூறுகளைப் பொது இடைமுகம் ஒன்றின் பின்னே தனித்தனிக் கோப்புகளில் வைப்பதே சிறந்த நடைமுறையாகும்.